சிங்கப்பூரா, பஹ்ரைனா: திருவொற்றியூரில் போட்ட ஒரு கணக்கு

சென்ற மாதம் ஒரே வாரத்தில் என் அக்கா மகனுக்கு இரண்டு வேலைக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்தது, மற்றது பஹ்ரைனிலிருந்து வந்தது. அவனுக்கு வயது 32. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மணலிப் பக்கம் ஒப்பந்த நிறுவனங்களில் பம்புகளையும் வால்வுகளையும் பழுது பார்க்கும் வேலையில் பத்தாண்டு கடத்திவிட்டான். மனைவி ராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். மகளுக்கு நான்கு வயது நடக்கிறது. பாரிமுனையில் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டு சரக்குக் கணக்குப் பார்த்தவன் என்பதால், குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் அது என் மேசைக்கு வந்துவிடுவது வழக்கம். "எந்த நாடு நல்ல நாடு, நீங்களே சொல்லுங்க மாமா" என்று இரண்டையும் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பது கணக்குப் போடத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் கடிதங்கள் மட்டுமல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள தீவு நாடுகள். சிங்கப்பூர் சுமார் 735 சதுர கிலோமீட்டர், பஹ்ரைன் சுமார் 780 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த நாடுகள் எதுவும் சென்னையின் இரு மடங்குகூட இல்லை என்பது விளங்கும். இரண்டும் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்துக்கொண்டவை. இரண்டும் பெரிய அண்டை நாட்டோடு கடற்பாலத்தால் கட்டப்பட்டவை. ஜொகூர் பாலம் 1924இலும், சவூதிக்குப் போகும் 25 கிலோமீட்டர் நீளமுள்ள மன்னர் ஃபஹத் பாலம் 1986இலும் திறக்கப்பட்டன. இரண்டும் ஆங்கிலேயர் பிடியில் இருந்து, ஒன்று மலேசியாவோடு சேர்ந்து பிரிந்து 1965இலும், மற்றது 1971இலும் தனி நாடானவை. இதற்கெல்லாம் மேலாக, சிங்கப்பூர் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. தராசின் இரு தட்டுகளைப் போலத்தான் இருக்கின்றன, நடுமுள்ளில் நாம் இருக்கிறோம்.

ஐக்கிய நாடுகளின் மனித வளர்ச்சிக் குறியீட்டைப் பார்த்தால் கேள்வி ஒரே வரியில் முடிந்துவிடும். 2025இல் வெளிவந்த அறிக்கையில் சிங்கப்பூர் 13ஆம் இடத்திலும், பஹ்ரைன் 38ஆம் இடத்திலும், இந்தியா 130ஆம் இடத்திலும் இருந்தன. ஆனால் அந்தக் குறியீடு ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் நாடு முழுவதற்குமாகச் சராசரி பார்த்துச் சொல்வது. சிங்கப்பூர்க்காரரின் பிள்ளை எத்தனை ஆண்டு படிக்கும் என்பது அதில் உண்டு. திருவொற்றியூரில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை அப்பாவை ஆண்டுக்கு எத்தனை நாள் பார்க்கும் என்பது அதில் இல்லை. வேலைக்குப் போகிறவன் ஒரு நாட்டுக்குள் நுழைவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவன் நுழைவது தன் கையிலிருக்கும் பாஸ், அதாவது வேலை அனுமதி, எந்த வாசலைத் திறக்கிறதோ அந்த வாசலுக்குள் மட்டுமே.

முதலில் சிங்கப்பூர்க் கடிதம். கப்பல் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றில் பராமரிப்புத் தொழில்நுட்பர் வேலை, எஸ் பாஸ், மாதம் 4,100 வெள்ளி. டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்லுவார்கள். எஸ் பாஸ் என்பது நடுத்தரத் திறனாளர்களுக்கான அனுமதி. அதற்குக் கீழே வொர்க் பர்மிட், மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ். எஸ் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி என்றாலும், அது இளவயதினருக்கான தொடக்கத் தொகைதான், வயது ஏற ஏற வரம்பும் ஏறும். ஆகவே அவன் வயதுக்கு 3,400 வெள்ளி போட்டு எவராவது எஸ் பாஸ் என்று கடிதம் கொடுத்தால், அந்தக் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக இந்தக் கடிதத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் எஸ் பாஸ் வைத்திருப்பவர் மனைவியையும் பிள்ளையையும் உடன் அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். 4,100க்கும் 6,000க்கும் இடையிலிருப்பது சாதாரணச் சம்பள உயர்வில் தாண்டக்கூடிய தூரமல்ல. ஆகவே இந்தக் கடிதத்தின் பொருள், அவன் தனியாகப் போக வேண்டும் என்பதுதான். கடிதத்தில் எங்கும் அப்படி எழுதவில்லை. எழுதாததைப் படிக்கத் தெரிவதுதான் காகிதம் படிப்பது.

பஹ்ரைன் கடிதம், ஒரு தொழிற்சாலைப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வந்தது. மாதம் 420 தினார், தங்குமிடமும் வேலைக்குப் போய்வரும் வண்டியும் நிறுவனத்தினுடையவை, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வர விமானச் சீட்டு. பஹ்ரைன் தினார் அமெரிக்க டாலரோடு இறுகக் கட்டப்பட்ட நாணயம், ஒரு தினாருக்கு 2.65 டாலருக்கு மேல். ரூபாயில் சுமார் 230 என்று வைத்துக்கொண்டேன். சிங்கப்பூர் வெள்ளிக்கு 67 ரூபாய் வைத்துக்கொண்டேன். அப்படியானால் சிங்கப்பூர்ச் சம்பளம் இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டி வருகிறது, பஹ்ரைன் சம்பளம் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. என் அக்கா இந்த வரியைக் கேட்டதும் "அப்புறம் என்னத்துக்கு யோசனை?" என்றார்கள். யோசனை எதற்கு என்றால், பஹ்ரைனில் 400 தினார் சம்பளம் இருந்தால் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வரம்பை இவன் சம்பளம் இருபது தினார் தாண்டி நிற்கிறது.

தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக இருக்கும் நாட்டுக்கு அவன் மட்டும் போகலாம். கடைப் பலகையில்கூடத் தமிழ் தென்படாத நாட்டுக்கு அவன் குடும்பத்தோடு போகலாம். இரண்டு கடிதங்களையும் ஒரு வாக்கியத்தில் அடக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

தமிழைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரை விரும்புகிற நம்மவர் பலர் முதலில் சொல்லும் காரணம் அதுதான். அங்கே தமிழ், பள்ளியில் தாய்மொழிப் பாடமாக நடத்தப்படுகிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வருகிறது. ஒலி 96.8 என்ற வானொலியும் வசந்தம் தொலைக்காட்சியும் தமிழில் இயங்குகின்றன. தீபாவளி அரசு விடுமுறை. சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. அரசின் அறிவிப்புகளில் 'மனிதவள அமைச்சு', 'பெருவிரைவு ரயில்', 'வீவக வீடு' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) என்றெல்லாம் வரும் சொற்களைப் படிக்கும்போது, நம் ஊர் அலுவலகங்கள் தமிழில் இவ்வளவு முயன்றதில்லையே என்று ஒரு கூச்சம் வருவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்வார்கள். தனியாக இருக்கிற ஒருவனுக்கு இது சிறிய ஆறுதலல்ல. ஆனால் அந்தப் பள்ளித் தமிழின் பயன், பள்ளிக்குப் போகிற பிள்ளை அங்கே இருந்தால்தான். நாளைக்கு அவன் சம்பளம் 6,000ஐத் தொட்டு மகளை அழைத்துப் போனாலும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்து மீந்தால்தான் கிடைக்கும், கட்டணமும் தனி.

பஹ்ரைனில் தமிழர் இல்லாமல் இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர், அவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய கூட்டம். ஆனால் அந்த இந்தியர்களில் கேரளத்தார் ஓங்கியிருப்பதால், தலைநகர் மனாமாவில் ஓர் இந்தியன் தடுக்கி விழுந்தால் தூக்கிவிடுகிறவர் மலையாளத்தில் விசாரிப்பதற்கே வாய்ப்பு அதிகம். மனாமாவின் பழைய கடைத்தெருவில் இருக்கும் ஸ்ரீநாத்ஜி கோயில் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. சிந்து வணிகர்கள் முத்து வாங்க வந்த காலத்துக் கோயில். தேவாலயங்களும் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு, 1950இல் தொடங்கிய இந்தியப் பள்ளி சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கிறது, நான்கு ஆண்டு கழித்து ஊர் திரும்பினால் அடுத்த வகுப்பில் அப்படியே சேர்த்துவிடலாம். வடசென்னையில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அலைந்தவர்களுக்கு இந்தத் தொடர்ச்சியின் அருமை தெரியும்.

இனிக் கையில் மிஞ்சுவதைப் பார்ப்போம். இங்கே நான் எழுதும் தொகைகள், இரண்டு ஊரிலும் இப்போது வேலை பார்க்கும் தெரிந்தவர்களைத் தொலைபேசியில் கேட்டு, கூடுதலாகச் சொன்னவர் கணக்கையும் குறைத்துச் சொன்னவர் கணக்கையும் நடுவில் பிடித்துப் போட்டவை. சிங்கப்பூரில் வீவக வீடு ஒன்றில் இருவர் பங்கிட்டுக்கொள்ளும் அறைக்கு 550 வெள்ளி, சாப்பாட்டுக்கு 600, ரயில் பேருந்துக்கு 130, தொலைபேசிக்கு 50, கைச்செலவுக்கு 200, வருமான வரிக்கு மாதம் 100 ஒதுக்கினால், சுமார் 2,450 வெள்ளி மிஞ்சும். ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். தனி அறைதான் வேண்டும் என்றால் நானூறு, ஐந்நூறு வெள்ளியை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் வெளிநாட்டவர்க்கு உலகிலேயே செலவு மிகுந்த நகரங்களில் ஹாங்காங்குக்கு அடுத்து சிங்கப்பூர் வந்தது என்றாலும், உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு ரயிலில் போகிற ஒற்றை ஆளுக்கு அந்தப் பட்டியல் அவ்வளவாகப் பொருந்தாது. அது கார் வாங்க நினைப்பவருக்கும் தனி வீடு எடுப்பவருக்கும் உள்ள பட்டியல்.

பஹ்ரைனில் அவன் தனியாக இருந்தால், தங்குமிடச் செலவு கிடையாது. வருமான வரியும் கிடையாது; வேலையின்மைக் காப்பீட்டுக்கு நூற்றுக்கு ஒன்று பிடிப்பார்கள். சாப்பாடு 60, தொலைபேசி 10, கைச்செலவு 40 போக 300 தினாரை ஒட்டி மிஞ்சும், எழுபதாயிரம் ரூபாய். சிங்கப்பூரில் மிஞ்சுவதில் பாதிகூட இல்லை. தனியாகப் போவதென்றால் பஹ்ரைனை எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

குடும்பத்தோடு போனால் என்னவாகும் என்பதுதான் எனக்கு மூன்று இரவு பிடித்த கணக்கு. நிறுவனம் தரும் தங்குமிடம் என்பது நால்வர் படுக்கும் அறையில் ஒரு கட்டில். அதைக் குடும்பத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஒரு படுக்கையறை வீட்டுக்கு மின்சாரத்தோடு 190 தினார், மளிகைக்கும் காய்க்கும் 100, பள்ளிக்கும் பள்ளி வண்டிக்கும் 45, மற்றதுக்கு 45 என்று போட்டால் 380 போய்விடுகிறது. மிஞ்சும் 35 தினாரில் அக்காவுக்கு மாதம் ஐயாயிரம் அனுப்பினால் அவன் பையில் மூவாயிரம் ரூபாய் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதம் அதுவும் இருக்காது. சட்டம் 400 தினாரில் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனபிறகு அந்த 400இல் எப்படிக் குடும்பம் நடத்துவது என்பதற்குச் சட்டம் பொறுப்பில்லை.

ஆனால் அவன் மனைவி செவிலியர் என்பதை இந்தக் கணக்கில் எல்லோரும் மறந்துவிட்டோம், நான் உட்பட. "என் சம்பளத்தை யாருமே எழுதலையே மாமா" என்று அந்தப் பெண்தான் நினைவூட்டினாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறாண்டு வார்டு அனுபவம் இருக்கிறது. பஹ்ரைனில் தேசிய சுகாதார ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வாங்க வேண்டும். அதற்குச் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் உண்டு. உரிமம் கிடைத்து ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டால், இரண்டு சம்பளத்தில் வீடு நடந்து, ஒரு சம்பளத்தில் பெரும்பகுதி மிஞ்சும். அப்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும்; ஆஸ்பத்திரி ஷிப்டும் பராமரிப்பு ஷிப்டும் ஒன்றோடொன்று மோதாத வாரம் அரிது. சிங்கப்பூரிலும் அவள் செவிலியர் கழகத்தில் பதிந்து தனியாக ஒரு பாஸ் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இருவரும் அங்கே தனித்தனி எஸ் பாஸில் இருந்து, தனித்தனியாக 6,000ஐத் தொடாத வரை, பிள்ளை இங்கேயேதான் இருக்கும். சம்பாத்தியம் இரட்டிப்பாகி, பெற்றோர் இருவரையும் பிள்ளை இழக்கிற ஏற்பாடு அது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காற்றைப் பற்றியும் எழுத வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது முதல், காற்று மேற்கிலிருந்து வீசும் இரவுகளில் எங்கள் மாடியில் துணி காயப்போட்டால் காலையில் ஒரு வாசனையோடுதான் எடுப்போம். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, என் வீட்டுக்கு வந்த மீன்காரம்மாவின் புடவைக் கரை முழுக்கக் கருப்பாகப் பிசுபிசுத்ததை நான் பார்த்தேன்; அவர் அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் கிழித்து அடுப்படித் துணியாக்கிவிட்டார். அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். இந்தப் பின்னணியில்தான் நான் இரு நாடுகளின் ஆலைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். சிங்கப்பூர், ஏழு தீவுகளை இணைத்து ஜூரோங் தீவு என்று தனியாக ஒன்றை உருவாக்கி, 2000இல் திறந்து, பெட்ரோலிய ஆலைகளை அங்கே குவித்துவிட்டது. குடியிருப்பு கிடையாது, பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. பஹ்ரைனின் சித்ரா சுத்திகரிப்பு ஆலை 1936 முதல் ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் புகையைப் பற்றி நெடுங்காலமாகக் குறைப்பட்டு வருகிறார்கள். மணலியிலிருந்து தப்பிச் சித்ராவுக்குப் போவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவனோ, "பத்து வருஷமா இதே காத்துதானே மாமா" என்று சிரித்துவிட்டான்.

வெயிலில் இரண்டுமே நமக்குப் புதிதில்லை என்று நினைப்பது தவறு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிப் புழுக்கமும் மழையும். சென்னையின் ஐப்பசியை நீட்டிவைத்தது போல. பஹ்ரைனில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை நம் ஊரில் ஒரு நல்ல மழைநாளில் பெய்துவிடும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் போவதோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் கடுங்கோடையில் நண்பகல் 12 முதல் 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்குவதை அரசே தடை செய்திருக்கிறது. தடை இருப்பது நல்லது. ஆனால் அப்படி ஒரு தடை தேவைப்படுகிற வெயில் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்கள் மட்டும் அங்கே அருமையாக இருக்கும் என்கிறார்கள்.

போக்குவரத்தில் பெரிய வாதம் தேவையில்லை. 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் ரயில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் போகிறது. பஹ்ரைனில் பேருந்து உண்டு, ஆனால் கார் இல்லாத குடும்பம் கோடையில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடும். விம்கோ நகருக்கு மெட்ரோ வர 2021 வரை காத்திருந்த எங்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்ற தலைப்பில் இரண்டையும் ஒரே தரத்தில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் எழுதினேன். தெருவில் நடப்பதற்கு இரண்டும் பாதுகாப்பானவையே. சட்டம் இரண்டிலும் கடுமையானதே. சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை உண்டு என்பதால், "இந்தப் பொட்டலத்தை அண்ணன் கிட்ட குடுத்துடு" என்று யார் தந்தாலும் வாங்கக் கூடாது என்பதை மட்டும் இங்கேயே சொல்லியனுப்ப வேண்டும். ஆனால் அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படையின் தலைமையகம் பஹ்ரைனில் இருக்கிறது. 2025 ஜூனில் வளைகுடாவில் பதற்றம் ஏறியபோது பஹ்ரைன் தன் வான்வெளியைச் சிறிது நேரம் மூடியது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையோடு அங்கே இருந்திருந்தால் அந்த இரவை எப்படிக் கழித்திருப்போம் என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தனியாகப் போகிறவனுக்குப் பஹ்ரைனில் வரவு குறைவு. குடும்பத்தோடு போகிறவனுக்கு இப்படி ஒரு கவலை கூடுதல்.

திரும்பி வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதில் பஹ்ரைனுக்கு ஒரு மேன்மை உண்டு. அங்கே வேலைமுடிவுப் பணம் சட்டப்படி உண்டு: முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். 2024 மார்ச் முதல் முதலாளி இந்தத் தொகையை மாதாமாதம் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டதால், நிறுவனம் நொடித்தாலும் பணம் தங்கும். ஆனால் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். கடிதத்தில் 420 தினாரை 'அடிப்படை 260, படிகள் 160' என்று பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிப்பில்தான் சூட்சுமம். சிங்கப்பூரில் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. எஸ் பாஸ்காரர் தன் சேமிப்பைத் தானே செய்துகொள்ள வேண்டும். மருத்துவத்துக்கு, முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. அரசு மானியம் வெளிநாட்டவர்க்கு இல்லை என்பதால் இந்தக் காப்பீட்டின் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

இடையில் தரகர்களைப் பற்றி ஒரு சொல். பஹ்ரைன் வேலையைக் கொண்டுவந்த முகவர் 'சர்வீஸ்' என்று இரண்டு லட்சம் கேட்டார். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே என்று நான் சொன்னதும், "அது பேப்பர்ல இருக்கறது சார்" என்றார். பேப்பரில் இருப்பதை வைத்துத்தான் நான் முப்பது ஆண்டு சோறு தின்றேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சிங்கப்பூர்ப் பக்கத்தில், எஸ் பாஸுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆகவே அப்படி ஏதாவது பிடித்தம் கடிதத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

இத்தனையும் எழுதிய பிறகு, ஒரு சிறிய விஷயம்தான் என் மனத்தைச் சாய்த்தது. என் அக்கா பேத்தி இரவு ஒன்பது மணிக்குத் தூங்கும். தூங்குமுன் அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டு அன்றைக்கு என்ன கொண்டுவந்தான் என்று பார்ப்பது அதன் வழக்கம். ஒரு கடலை மிட்டாய், சில நாள் வெறும் பேருந்துச் சீட்டு. நம் ஒன்பது மணி சிங்கப்பூரில் பதினொன்றரை. காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கு எழ வேண்டியவன் அந்நேரம் விழித்திருக்க முடியாது. பஹ்ரைனில் அப்போது மாலை ஆறரை, வேலை முடிந்து அறைக்கு வந்த நேரம். தனியாகப் போனாலும்கூட பஹ்ரைனிலிருந்து தினமும் அந்தப் பிள்ளையோடு பேசலாம். சிங்கப்பூரிலிருந்து பேச வேண்டுமானால் பிள்ளை பள்ளிவிட்டு வரும் நாலரை மணிக்குப் பேச வேண்டும், அங்கே அப்போது ஏழு. அதுவும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அந்த நேரத்தில் அது தெருவில் விளையாடப் பறந்துகொண்டிருக்கும்.

சாய்ந்தது மனம்தான், கணக்கல்ல. என் முடிவை நான் இப்படிச் சொன்னேன்: தனியாகப் போவது என்று குடும்பம் தீர்மானித்தால் சிங்கப்பூர், அதுவும் நான்கு ஆண்டு என்று எல்லை கட்டிக்கொண்டு. வீட்டுக் கடனை அடைக்கவும் தண்டையார்பேட்டையில் வைத்திருக்கும் அரை கிரவுண்டில் மாடி எழுப்பவும் அந்த நான்கு ஆண்டு போதும். சேர்ந்துதான் போவது என்றால் பஹ்ரைன், ஆனால் இந்தக் கடிதத்தோடு அல்ல. கட்டிலுக்குப் பதிலாகக் குடும்பத் தங்குமிடப்படி தனியாக எழுதப்பட வேண்டும், அடிப்படைச் சம்பளம் 400ஐத் தாண்ட வேண்டும், அந்தப் பெண்ணின் உரிமத் தேர்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அங்கே போய் இருவரும் கடன் வாங்கி இருக்க நேரும். குடும்பத்தோடு போய்க் கையில் ஒன்றும் மிஞ்சாமல் இருப்பதற்கு விம்கோ நகரே போதும், மெட்ரோவாவது இருக்கிறது.

அக்கா சிங்கப்பூர் என்கிறார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல், தேர்வுக்கான புத்தகத்தை மண்ணடியில் நகல் எடுத்து வந்து படிக்கத் தொடங்கியிருக்கிறாள். சிங்கப்பூர் நிறுவனத்துக்கு இந்த மாதம் 28க்குள் பதில் சொல்ல வேண்டும். பஹ்ரைன் நிறுவனத்துக்குத் தங்குமிடப்படியையும் அடிப்படைச் சம்பளத்தையும் பற்றி முந்தாநாள் நானே வரைந்து கொடுத்த கடிதத்தை அவன் அனுப்பியிருக்கிறான். நேற்றிரவு பதில் வந்தது: படி 120 தினார் தரச் சம்மதமாம், அடிப்படையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்டு இன்று மறுபடியும் எழுதியிருக்கிறோம்.